கத்தியோடு வந்தவனும் காத்திருந்த பாட்டியும்

பழைய வெற்றிப் படத்துக்குப் புதிதாக ஒரு தொடர்ச்சி என்றாலே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டுதான் உட்காருவேன். திகில் படம் என்றால் கேட்கவே வேண்டாம், முகமூடியையும் கத்தியையும் வைத்தே காசு பார்த்துவிடுவார்கள். 2018இல் வந்த 'ஹாலோவீன்' அப்படி இல்லை.

முதல் படம் 1978இல் வந்தது. ஜான் கார்பென்டர் சுமார் 3 லட்சம் அமெரிக்க வெள்ளியில் எடுத்து முடித்தார். கொலைகாரன் மைக்கேல் மையர்ஸுக்குப் போட்ட முகமூடி, கடையில் மலிவாக வாங்கிய 'ஸ்டார் டிரெக்' கேப்டன் கர்க் முகம்தான். அதற்கு வெள்ளைச் சாயம் பூசிவிட்டார்கள். மனத்தை விட்டு அகலாத அந்தப் பியானோ இசையும் கார்பென்டருடையதே. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில் அவனிடம் சிக்கி உயிர் தப்பும் மாணவி லோரியாக ஜேமி லீ கர்ட்டிஸ் அறிமுகமானார். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் குளியலறையில் கொல்லப்படும் ஜேனட் லீயின் மகள் அவர்.

அதன் பிறகு எத்தனையோ பாகங்கள். 1981இல் வந்த இரண்டாம் பாகத்தில் மைக்கேலை லோரியின் அண்ணன் ஆக்கினார்கள். நம் சினிமாவில் இடைவேளைக்குப் பிறகு வரும் திருப்பம் மாதிரி! காரணமே இல்லாமல் வந்தவனுக்குக் காரணம் கிடைத்ததும் பாதிப் பயம் போய்விட்டது. 2018 படத்தின் இயக்குநர் டேவிட் கோர்டன் கிரீன் அந்தப் பாகங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, முதல் படத்திலிருந்தே கதையைத் தொடர்கிறார். அண்ணன் தங்கை உறவெல்லாம் யாரோ கட்டிவிட்ட கதை என்று லோரியின் பேத்தியே சொல்லிவிடுகிறாள்.

40 ஆண்டுகள் கழிந்த பிறகும் லோரி அந்த இரவிலேயே நிற்கிறாள். வேலி போட்ட வீடு, அடுக்கி வைத்த துப்பாக்கிகள், இரண்டு மணமுறிவுகள். மகள் கேரனுக்குச் சிறு வயதிலேயே சுடக் கற்றுக்கொடுத்தாள். அதனாலேயே 12 வயதில் அவளை அதிகாரிகள் பிரித்துக் கொண்டுபோனார்கள். வளர்ந்த கேரன் தாயைத் தள்ளியே வைத்திருக்கிறாள். பேத்தியின் கொண்டாட்டத்துக்காகக் குடும்பம் உணவகத்தில் கூடியிருக்கும்போது, லோரி தாமதமாக வந்து அடுத்தவரின் மதுவை எடுத்துக் குடித்துவிட்டு உடைந்து அழுகிறாள். கொலைக் காட்சிகளைவிட அந்த மேசையைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் அழுவதும் நியாயம், மகள் முகம் சுளிப்பதும் நியாயம்.

முதல் படத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கும். அதில் வகுப்பறை ஜன்னல் வழியாக லோரி பார்க்கும்போது வெளியே மைக்கேல் நிற்பான். இதில் பேத்தி பார்க்கிறாள், வெளியே பாட்டி நிற்கிறாள். பயமுறுத்துகிறவர் இப்போது யார் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. மனநல மருத்துவரை வைத்து வரும் திருப்பம் ஒட்டவே இல்லை. ஆனால் கடைசி அரை மணி நேரம் அதை மறக்க வைத்துவிடுகிறது. சிறு வயதில் கேரன் வெறுத்த நிலவறைக்குள்ளேயே மூன்று தலைமுறைப் பெண்களும் போய்ச் சேர்கிறார்கள். அங்கே கேரன் அழுதுகொண்டே துப்பாக்கியை எடுக்கும் இடத்தைப் பாருங்கள், மீதியை நான் சொல்லப்போவதில்லை.

படம் உலகெங்கும் 25 கோடி வெள்ளிக்கு மேல் வசூலித்தது. விடுவார்களா? 2021இலும் 2022இலும் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. அவற்றைத் தவறவிட்டாலும் நட்டமில்லை. 1978, 2018 இரண்டையும் ஒரே வார இறுதியில் பாருங்கள், சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு.