பொன்னிறக் கோட்டையும் ஒரு குடம் தண்ணீரும்



விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் நம் வீடுகளில் என்ன பேச்சு எழும் என்பது உங்களுக்குத் தெரியும். மரம் நனைந்துவிட்டது, பால் வெட்ட முடியாது, இன்றைய சம்பளம் போயிற்று என்பார்கள் பெரியவர்கள். அப்படியொரு நாளில், நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒருத்தி என்னிடம், “மழையே பெய்யாத ஊரு எங்கே சார் இருக்கு? நாம அங்கே போயிடலாமே!” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பாவின் அன்றைய கூலி அந்தக் கேள்விக்குள் இருந்தது. மழை அரிதாகப் பெய்யும் ஓர் ஊரின் கதையை அன்று அவளுக்குச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த ஊரின் பெயர் ஜெய்சல்மேர். இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில், மேற்கு எல்லைக்கு அருகே, தார் பாலைவனத்தில் இருக்கின்றது. நம் நாட்டில் ஓர் ஆண்டில் 200 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான். அதாவது, நமக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு. கோடையில் அனல் காற்று வீசும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நகரம் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக எப்படி நிலைத்து நிற்கிறது?

இந்நகரை 1156ஆம் ஆண்டில் நிறுவியவர் ராவல் ஜெய்சல். இவர் பாட்டி என்னும் ராஜபுத்திரர் குலத்து மன்னர். சமவெளியில் இருந்த லோதுர்வா என்னும் பழைய தலைநகரம் பாதுகாப்பானதாக இல்லை. ஆகவே, திரிகூட மலை என்னும் தனிக்குன்றின் மீது மஞ்சள் நிற மணற்கல்லால் கோட்டை எழுப்பினார். பின்வந்த மன்னர்கள் அதனை மேலும் வலுப்படுத்தினர். கோட்டை மதிலில் 99 கொத்தளங்கள் இருக்கின்றன. மாலை வெயில் படும்போது கோட்டை முழுவதும் பொன்னைப் போல் மின்னும். அதனால் இதனைப் பொற்கோட்டை என்றே மக்கள் அழைக்கின்றனர்.

இவ்வூருக்குச் செல்வம் தந்தது ஒட்டகம். இந்தியாவிலிருந்து பாரசீகத்திற்கும் அரபு நாடுகளுக்கும் மத்திய ஆசியாவுக்கும் செல்லும் வணிகக் கூட்டங்கள் இவ்வழியே சென்றன. பட்டும் வாசனைப் பொருள்களும் அபினியும் உலர்ந்த பழங்களும் ஒட்டகங்களின் முதுகில் ஏறிவந்தன. மன்னர் சுங்கம் வாங்கினார்; வணிகர்கள் பொருள் சேர்த்தனர். குமான் சந்த் பட்வா என்னும் வணிகர், தம் ஐந்து மகன்களுக்காக 1805ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய ஐந்து மாளிகைகள் இன்றும் பார்ப்போரை வியக்க வைக்கின்றன. அவற்றின் கற்சன்னல்களில் பூவேலை போல நுண்ணிய துளைகள் உண்டு. அழகுக்காக மட்டும் செய்தவை அல்ல அவை. காற்று உள்ளே வரும். கடும் வெயில் வராது. கோட்டைக்குள்ளே சமணக் கோயில்கள் இருக்கின்றன. அவற்றோடு சேர்ந்த நூலகத்தில் பழைய ஓலைச்சுவடிகளைப் போற்றி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஈரத்தில் ஓலை விரைவில் பூத்துப்போகும். அங்கே வறண்ட காற்றே அதற்குக் காவல்.

ஆனால் நேயர்களே, பொன்னும் பட்டும் தாகத்தைத் தீர்க்குமா? ஒட்டகக் கூட்டம் இங்கே தங்க வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் மன்னர் கட்சி சிங் பெரிய ஏரி ஒன்றை அமைத்தார். கட்சிசர் என்பது அதன் பெயர். பெய்த மழைநீர் ஓடி வீணாகாமல் அங்கே வந்து சேரும். நூற்றாண்டுக் கணக்கில் ஊர்ப் பெண்கள் தலையில் குடம் சுமந்து, அந்த ஏரியிலிருந்துதான் கோட்டைக்கு நீர் கொண்டு சென்றனர். குடம் குடமாகத் தூக்கிய நீரை யார் கீழே கொட்டுவார்கள்?

உழவர்களும் ஒரு வழி கண்டிருந்தனர். அதற்குக் கடீன் என்று பெயர். சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் நீண்ட மண்கரை போடுவார்கள். மேட்டில் பெய்யும் மழையெல்லாம் வழிந்து வந்து கரையருகே தேங்கும். நீர் மண்ணில் ஊறி வற்றியதும், அந்த ஈரத்தை நம்பிக் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். அரிதாய்ப் பெய்த மழையிலும் இப்படி ஒரு போகம் எடுத்துவிடுவார்கள்.

பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தபோது வணிகம் கப்பலுக்கு மாறியது. ஒட்டகப் பாதை ஓய்ந்தது. 1947இல் இந்தியா, பாகிஸ்தான் பிரிவினை ஏற்பட்டதும் மேற்கு வழி அடைபட்டது. இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியேறினர். 1965, 1971 போர்களுக்குப் பின், எல்லைக் காவலுக்காகச் சாலைகள் வந்தன. அந்தச் சாலைகளில் பயணிகளும் வந்தனர். 1974இல் சத்யஜித் ராய் எடுத்த ‘சோனார் கெல்லா’ என்னும் வங்காளப் படம், இக்கோட்டையின் புகழைப் பரப்பியது. கோட்டை வீடுகள் பல, விடுதிகளாயின.

இப்போதுதான் கதையின் முக்கியமான இடம் வருகிறது. கோட்டைக்குள் குழாய்நீர் வந்தது. குளியலறைகளும் கழிவறைகளும் பெருகின. குடம் குடமாக வந்தபோது அளவாகச் செலவான நீர், குழாயைத் திறந்ததும் தாராளமாகக் கொட்டியது. அது வெளியேறப் போதிய வடிகால் இல்லை. நீர் குன்றுக்குள் கசிந்தது. மேலே பார்ப்பதற்குக் கல்லாக இருந்தாலும், உள்ளே களிமண்ணும் இளகிய பாறையும் கலந்த குன்று அது. ஈரம் ஏற ஏற அடிமண் இளகிற்று. 1990களில் கொத்தளங்களும் வீடுகள் பலவும் சரிந்தன. படையெடுப்புகளையும் முற்றுகைகளையும் தாண்டி நின்ற கோட்டைக்குக் குழாய்நீர் பகையாயிற்று! அதன்பின் மதில்களைப் பழுதுபார்க்கவும் கழிவுநீர்க் குழாய்களைச் சீர்செய்யவும் முயற்சிகள் நடந்து வந்திருக்கின்றன. 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் ஆறினை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது ஜெய்சல்மேரும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. சில ஆயிரம் மக்கள் இன்றும் அக்கோட்டைக்குள்ளேயே குடியிருக்கிறார்கள்.

கதையைக் கேட்டு முடித்த அந்தப் பிள்ளை சற்று யோசித்தாள். “அப்போ தண்ணி இல்லாட்டியும் கஷ்டம், இருந்தாலும் கஷ்டமா சார்?” என்றாள். “இல்லையம்மா. இருக்கிற தண்ணீருக்கு ஓர் இடம் செய்து வைக்கவேண்டும். தேங்க ஓர் இடம், போக ஒரு வழி. அதைச் செய்தவரை அந்த ஊர் நன்றாக இருந்தது” என்றேன்.

மறுநாளும் மழைதான். பள்ளிக்கு வரும் வழியில் அந்தப் பிள்ளையின் வீட்டைப் பார்த்தேன். கூரை விளிம்பின் கீழே ஒரு வாளி வைத்திருந்தாள். அவளுடைய அப்பா மண்வெட்டியால், வாசலில் அடைத்துக் கிடந்த கால்வாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.