நோயாளியின் ஏடும் மாணவரின் பாடமும்

தனி உதாரணத்திலிருந்து பொது உண்மைக்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குப் புகட்டப்பட்ட விதி. மருத்துவக் கல்விக்கும் அது பொருந்தும். நூலில் காசநோய் ஓர் அத்தியாயம். மருத்துவமனையிலோ அது இருமிக்கொண்டு வரும் ஒரு மனிதர்.

அம்மனிதரின் வரலாற்றை ஒழுங்காக எழுதிவைத்தால் அதுவே மாணவருக்கு ஆசானாகும் என்று 1968-இல் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் வற்புறுத்தினார். நோயாளியின் தொல்லைகளை எண்ணிட்டு, ஒவ்வொன்றன் கீழும் அவர் கூறியது, மருத்துவர் கண்டது, கருதியது, செய்ய எண்ணியது ஆகிய நான்கினையும் குறிக்க வேண்டும் என்றார். ஒழுங்கான குறிப்பின் பயனைச் சென்னை முன்னரே அறிந்திருந்தது. 1956-இல் இங்கே தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டுக் குறிப்பெடுத்தது. வீட்டுச் சிகிச்சையும் நன்கு பயன்தரும் என 1959-இல் வெளியான முடிவு, உலகிற்கே பாடமாயிற்று.

இன்று அவ்வேடு கணினியில் ஏறிவருகிறது. மின்னணு நலப் பதிவேட்டிற்கான தரங்களை இந்திய அரசு 2013-இல் வெளியிட்டு, 2016-இல் திருத்தியது. இதனைக் கொண்டு கற்பிப்பது எங்ஙனம்? எண்ணூர்த் தொழிலாளி ஒருவர் மூன்று வார இருமலுடன் வந்ததாகக் கொள்வோம். ஆசிரியர் முதல்நாள் குறிப்பை மட்டும் காட்டி, 'என்ன சோதனை செய்வீர்?' என வினவுவார். விடை வந்தபின் சளிச் சோதனை, எக்ஸ்ரே, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றை முறையே திறப்பார். இறுதியில் ஆறாம் மாத நிலையையும் காட்டுவார். வார்டில் சில நாளே நோயாளியைக் காணும் மாணவர், தம் கணிப்பு பின்னர் மெய்யாயிற்றா என்பதை இவ்வாறே அறிய இயலும்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உள. நேற்றைய குறிப்பை அப்படியே இன்றைக்கும் படியெடுத்து ஒட்டுவது கணினியில் எளிது. அங்கே பிழையும் பாடமாகிவிடும். மற்றது, மறைபொருள் காத்தல். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஊர், தொழில், வயது, அரிய நோய் ஆகிய நான்கும் சேர்ந்தால் அண்டை வீட்டார் ஆளை அறிந்துகொள்வர். தனிமனிதரின் மின்னணுத் தகவல்களைக் காக்க 2023-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சட்டம் ஒருபுறமிருக்க, எங்கள் புழல் போன்ற ஊர்களின் எளியோர் வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனை போன்ற அரசு நிலையங்களையே நம்பிச் செல்கின்றனர். மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த அத்தகைய இடங்களில் மாணவருக்குப் பாடமாகிறவர் பெரும்பாலும் அவர்களே. அவர்தம் இசைவை அவர்களுக்கு விளங்கும் மொழியில் கேட்டுப் பெறுதலும், ஏட்டைப் படித்தபின் கட்டிலருகே சென்று அவரோடு பேசுதலும் மாணவர் கற்கவேண்டிய முதற்பாடம் எனக் கருதுகிறேன்.