வாடிய பொன்சாய் துளிர்த்தது

ரொறன்ரோவுக்கு வந்த முதல் குளிர்காலம். மகள் வேலைக்குப் போனபின் எனக்குத் துணை அவள் வாங்கித் தந்த ஜப்பானிய மேப்பிள் பொன்சாய்தான். 'பாவம், அதற்கும் குளிருமே' என்று ஹீற்றர் அருகில் வைத்து, நாள்தோறும் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் கருகி உதிர்ந்தன.

எறிந்துவிட மனமின்றிப் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டினேன். உள்ளே பச்சை! உயிர் இருந்தது.

சித்திரையில் அழுகிய வேர்களை நறுக்கி, நீர் வடியும் மண்ணில் நட்டு நிழலில் வைத்தேன். புதிய இலைகள் முற்றும்வரை உரமிடவில்லை. மேல்மண் காயத் தொடங்கிய பின்பே நீர் ஊற்றினேன்.

குளிர்நாட்டு மரங்களுக்கு ஆண்டுதோறும் உறக்கம் அவசியம். ஆனால் ஆழமற்ற தட்டில் மண் குறைவு. வேர்கள் விரைவில் உறைந்துவிடும். ஆகவே அடுத்த ஆண்டு இலையுதிரும்வரை வெளியே விட்டு, பின்னர் சூடாக்கப்படாத கராஜில் வைத்தேன். 0 முதல் 5 பாகை செல்சியஸ் குளிரே அதற்கு ஏற்றது. இலையற்ற மரத்துக்கு வெளிச்சம் வேண்டாம். மண் முற்றாகக் காயாதபடி சிறிது நீர் போதும்.

வசந்தத்தில் மொட்டுகள் சிவந்து விரிந்தன. சகோதரிகளே, அன்பு மட்டும் போதாது. எதற்கு எது தேவை என்று அறிவதும் வேண்டும்.