ஆற்றுப்படையும் அரசுப் பேருந்தும்

நுழையும்முன்

ஓர் ஊரில் வாழ்பவர் எவ்வளவு தொலைவு சென்று கற்கவும் பணியாற்றவும் முடியும் என்பதை அவ்வூரின் சாலை மட்டும் முடிவு செய்வதில்லை. அச்சாலையில் ஓடும் பொது ஊர்திகள், அவை வரும் நேரம், ஓர் ஊர்தி மற்றோர் ஊர்தியோடு இணையும் இடம் ஆகியவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அந்த இணைப்பின் வரலாற்றையும் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வழி சொல்லும் மரபு

பயணத்தின் முதல் தேவை வழியறிதல் என்பதைப் பழந்தமிழர் உணர்ந்திருந்தனர். பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞரை வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவது ஆற்றுப்படை. 'ஆறு' என்னும் சொல் இங்கு வழியைக் குறிக்கும். பத்துப்பாட்டு நூல்களுள் ஐந்து இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் ஒன்றான மலைபடுகடாம், வழியில் நேரும் இடர்களையும் கிடைக்கும் உணவையும் விருந்தோம்பும் மக்களையும் விரிவாகக் கூறுகிறது.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையிலும் வழி சொல்லும் பகுதி ஒன்று உண்டு. கவுந்தியடிகளோடும் கண்ணகியோடும் மதுரை நோக்கிச் செல்லும் கோவலனுக்கு, எதிரே வந்த மாங்காட்டு மறையவன் மூன்று வழிகளை எடுத்துரைக்கிறான். இடப்பக்க வழி திருமால்குன்றத்தின் வழியே செல்வது. இடைப்பட்ட வழி ஊர்களும் காடுகளும் விரவியது. வலப்பக்க வழியில் சென்றால் சிறுமலை தோன்றும். மாவும் பலாவும் வாழையும் தென்னையும் செழித்த அம்மலையை வலங்கொண்டு சென்றால் மதுரையை அடையலாம் என்கிறான். ஒவ்வொரு வழியிலும் உள்ள நன்மையையும் இடரையும் முன்கூட்டியே அறிந்து தேர்ந்தெடுக்க அவன் உதவுகிறான். இன்றைய பேருந்துக் கால அட்டவணை செய்ய வேண்டிய பணியும் அதுவே.

சிறுமலை அடிவாரத்தில்

மறையவன் சுட்டிய சிறுமலை, இன்றைய திண்டுக்கல் நகருக்குத் தென்கிழக்கே உயர்ந்து நிற்கிறது. அம்மலைக்கு வடக்கே, திண்டுக்கல்–நத்தம் சாலையில் அமைந்த ஊர் சாணார்பட்டி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாக விளங்கும் இவ்வூரில் தொடர்வண்டி நிலையம் இல்லை. மேற்கே திண்டுக்கல்லுக்கும் கிழக்கே கோபால்பட்டி வழியாக நத்தத்துக்கும் செல்லும் பேருந்துகளே இவ்வூரை வெளியுலகோடு இணைக்கின்றன. சுற்றியுள்ள சிற்றூர்களின் மக்கள் முதலில் இச்சாலைக்கு வந்து சேர வேண்டும். அதன்பின் திண்டுக்கல்லுக்குச் சென்று அடுத்த ஊர்தியில் ஏற வேண்டும்.

திண்டுக்கல் தொடர்வண்டிச் சந்திப்பிலிருந்து திருச்சிராப்பள்ளி, மதுரை, கரூர், பழனி ஆகிய நான்கு திசைகளுக்கும் இருப்புப்பாதைகள் செல்கின்றன. ஆயினும், நகரின் பேருந்து நிலையமும் தொடர்வண்டி நிலையமும் தனித்தனி இடங்களில் உள்ளன. எனவே, சாணார்பட்டியிலிருந்து கோயம்புத்தூருக்குத் தொடர்வண்டியில் செல்ல விரும்பும் ஒருவருக்கு இரண்டு ஊர்திகள் மட்டும் போதா. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்கும் வழியும் நேரமும் தேவை. முதல் பேருந்து கால் மணி நேரம் தாமதமானால், பயணம் முழுவதும் குலைந்துவிடும். பொதுப் போக்குவரத்தின் வலிமை ஊர்தியின் வேகத்தைவிட இணைப்பின் உறுதியில்தான் இருக்கிறது.

தடங்கள் தோன்றிய வரலாறு

திருச்சிராப்பள்ளிக்கும் மதுரைக்கும் இடையிலான இருப்புப்பாதை 1875இல் திறக்கப்பட்டபோது திண்டுக்கல் தொடர்வண்டியைக் கண்டது. அக்காலத்தில் அமைக்கப்பட்டது ஒரு மீட்டர் அகலமுள்ள குறுகிய பாதை. பின்னர் 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள அகலப்பாதை வந்தது. ஒரு பாதையின் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே, இருவகைப் பாதைகளும் சந்திக்கும் நிலையங்களில் பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி ஏறினர். பழனி–பொள்ளாச்சிப் பகுதி அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2015இல் பயன்பாட்டுக்கு வந்த பிறகே, திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சி வரை ஒரே அகலமுள்ள பாதை அமைந்தது.

இருப்புப்பாதை எட்டாத ஊர்களைப் பேருந்துகள் எட்டின. 1972இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோயம்புத்தூரில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இயங்கத் தொடங்கின. பின்னர்த் திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு இராணி மங்கம்மாள் பெயரில் ஒரு கழகம் இயங்கியது. சாலைகளும் சத்திரங்களும் அமைத்து வழிப்போக்கரைக் காத்த மதுரை நாயக்க அரசியின் பெயர் பேருந்துகளுக்கு அமைந்தது பொருத்தமே. 1997இல் இக்கழகங்களுள் பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பொதுப்பெயரைப் பெற்றன. பேருந்து வசதி இல்லாத சிற்றூர்களுக்கான சிற்றுந்துத் திட்டமும் அதே ஆண்டில் அறிமுகமானது.

பால்டிக் நாடுகள் தரும் பாடம்

ஐரோப்பாவின் பால்டிக் கடற்கரையில் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மூன்றின் மொத்தப் பரப்பு தமிழ்நாட்டைவிட அதிகம். மக்கள்தொகையோ தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவற்றின் தலைநகரங்களான தாலின், ரீகா, வில்னியஸ் ஆகியவற்றிடையே நெடுங்காலமாகப் பலர் பேருந்திலேயே பயணம் செய்துவருகின்றனர்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. உருசியப் பேரரசின் ஆட்சிக்காலத்தில் இங்கு இருப்புப்பாதைகள் போடப்பட்டன. பேரரசின் பெருநகரங்களையும் துறைமுகங்களையும் இணைப்பதே அவற்றின் முதன்மை நோக்கம். அண்டை நாடுகளின் தலைநகரங்களை ஒன்றோடொன்று இணைப்பது அன்று. அப்பாதைகளின் அகலம் 1,520 மில்லிமீட்டர். மேற்கு ஐரோப்பாவின் பாதையோ 1,435 மில்லிமீட்டர். எனவே, போலந்திலிருந்து வில்னியஸ் செல்லும் பயணிகள் எல்லையருகே வண்டி மாற வேண்டியுள்ளது. இக்குறையைப் போக்க, ஏறத்தாழ 870 கிலோமீட்டர் நீளத்தில் 'ரெயில் பால்டிகா' என்னும் புதிய பாதை இப்போது உருவாகிவருகிறது. பாதையை யார், எதற்காக அமைத்தார்கள் என்பது நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மக்களின் பயணத்தை வடிவமைக்கிறது.

தெரிந்து தெளிவோம்

1989 ஆகஸ்டு 23 அன்று தாலின் முதல் வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்கு மக்கள் சாலையோரம் கைகோத்து நின்றனர். 'பால்டிக் வழி' என அழைக்கப்படும் இம்மனிதச் சங்கிலி, விடுதலை வேட்கையின் வெளிப்பாடாக அமைந்தது. 1991இல் மூன்று நாடுகளும் மீண்டும் விடுதலை அடைந்தன.

கட்டணமில்லாப் பயணம்

தாலின் நகரம் 2013 முதல், தன் எல்லைக்குள் பதிவு செய்து வாழும் மக்களுக்குப் பொதுப் போக்குவரத்தைக் கட்டணமின்றி வழங்கிவருகிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். தாலின் வசிப்பிடத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாடு, வீட்டு வருவாயில் தனக்கெனச் செலவிடத் தயங்கும் பெண்களை மனத்திற்கொண்டது. இத்திட்டத்தால் ஒரு பெண் மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் சேமிக்கிறார் என மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு தெரிவித்தது. பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டையும் வழங்கப்படுகிறது.

ஆயினும், கட்டணம் இல்லை என்பது பயணத்தின் ஒரு தடையை மட்டுமே நீக்குகிறது. பேருந்து வராத ஊரில் பயண அட்டைக்குப் பயனில்லை. நாளொன்றுக்கு இரண்டே நடைகள் இயங்கும் தடத்தில், ஒரு நடை நின்றால் பாதிப் போக்குவரத்து நின்றுவிடும்.

கடைசிப் பேருந்து

சிற்றூர் ஒன்றின் எல்லை வரைபடத்தில் ஒருவகையாகவும் வாழ்க்கையில் வேறுவகையாகவும் அமைகிறது. மாலையில் ஊர் திரும்பும் கடைசிப் பேருந்து எந்த நேரத்துக்குப் புறப்படுகிறதோ, அதற்குள் திரும்ப முடிந்த தொலைவே அவ்வூர் மாணவியின் உலகம். ஆய்வகப் பயிற்சி ஐந்து மணிக்கு முடிந்து, கடைசிப் பேருந்து நாலரை மணிக்கே புறப்பட்டுவிடுமானால், அறிவியல் பாடம் அவருக்கு எட்டாததாகிவிடும். மதிப்பெண் இருந்தும் விருப்பம் இருந்தும் அருகில் உள்ள வேறொரு படிப்பைத் தேர்ந்தெடுக்க நேரும். அந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

இரவில் சிற்றூரிலேயே தங்கி, விடியலில் முதல் நடையாகப் புறப்படும் பேருந்து இதனால்தான் மதிப்புப் பெறுகிறது. பூக்களும் காய்கறிகளும் வாடுமுன் திண்டுக்கல் சந்தையை அடைகின்றன. மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர் முற்பகலிலேயே மருத்துவரைக் காண்கிறார். கல்லூரி மாணவி முதல் வகுப்பைத் தவறவிடுவதில்லை. ஓட்டுநரும் நடத்துநரும் வெளியூரில் இரவைக் கழிப்பதால் இத்தனை பேரின் பகல் தொடங்குகிறது.

மாங்காட்டு மறையவன் வழிப்போக்கருக்கு அறிவை வழங்கினான். நடக்கும் கால்கள் அவர்களுடையவை. இன்றைய சமூகம் அறிவோடு ஊர்தியையும் வழங்குகிறது. ஊர்தி வரும் என்ற நம்பிக்கையையும் அதனோடு சேர்த்து வழங்கும்போதே அப்பணி நிறைவடைகிறது. பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவரிடம் சமூகம் அளித்த உறுதிமொழியே கால அட்டவணை. அது நாள்தோறும் காக்கப்படும் ஊரில், கற்பதற்கான தொலைவு குறைகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து அருகிலுள்ள கல்லூரிக்குச் சென்று திரும்பும் பேருந்துகளின் நேரங்களைத் திரட்டிக் கால அட்டவணை ஒன்று உருவாக்குக.

2. உங்கள் ஊருக்கு மாலையில் கூடுதல் நடை இயக்குமாறு, தக்க காரணங்களைக் காட்டிப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதுக.