மழை, குளிர், சூறைக்காற்று... ட்ரெக்கிங் ஜாக்கெட் வாங்கப் போறீங்களா? டேக்கில் இருக்கும் எண்ணை நம்பும் முன் இதைப் படிங்க!

2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணத்தில், மஞ்சள் நதியை ஒட்டிய மலைப்பகுதியில் 100 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம். காலையில் 172 பேர் ஓடத் தொடங்கினார்கள். பலர் அணிந்திருந்தது வெறும் டி-ஷர்ட், ஷார்ட்ஸ்.

நண்பகல் வாக்கில் உயரமான பகுதியில் ஆலங்கட்டி மழையும் உறைய வைக்கும் காற்றும் தாக்கின. 21 பேர் உயிரிழந்தனர். சீனாவின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். அந்தப் போட்டியில் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கொண்டுவருவது பரிந்துரை மட்டும்தான், கட்டாயம் இல்லை.

ஜாக்கெட் இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மலையில் வானிலை மாறும்போது உடம்புக்கும் மழைக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு துணி மட்டுமே. அதை எப்படித் தேர்வு செய்வது? விரிவாகப் பார்ப்போம்.

ஷெல் ஜாக்கெட் என்றால் என்ன?

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஷெல் என்றால் ஓடு. மழையையும் காற்றையும் வெளியிலேயே நிறுத்தும் மேல் ஓடு இது. இதற்குள் பஞ்சோ கம்பளியோ இருக்காது. எனவே இது தனியாகக் குளிரைத் தாங்காது.

குளிர் பிரதேசங்களில் மூன்று அடுக்காக உடுத்துவார்கள். உடம்பை ஒட்டி வியர்வையை இழுக்கும் பனியன், அதன் மேல் சூடு தரும் ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே ஷெல். 'காஸ்ட்லி ஜாக்கெட் வாங்கினேன், ஆனாலும் குளிருது' என்று புலம்புபவர்கள் பலர் இந்த நடு அடுக்கை விட்டவர்கள்தான்.

நனைந்தால் அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த உடம்பில் காற்றும் அடித்தால் சூடு மளமளவென இறங்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதுதான் ஹைப்போதெர்மியா. முதலில் நடுக்கம், பிறகு பேச்சு குழறும், யோசிக்கும் திறன் குறையும். பையில் ஜாக்கெட் இருந்தாலும் எடுத்துப் போடத் தோன்றாத நிலைகூட வரும்.

பனி பெய்தால்தான் இது நடக்கும் என்றில்லை. பூஜ்ஜியத்துக்கு மேலே 8, 10 டிகிரியிலும் நடக்கலாம். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பருத்தி டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் இந்த நேரத்தில் எதிரிகள்.

2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் பாதையில், பெரும்பாலும் கர்நாடகாவைச் சேர்ந்தவர்கள் இருந்த 22 பேர் குழு மோசமான வானிலையில் சிக்கியதில் 9 பேர் உயிரிழந்தனர். ஜூன் மாதம் என்றால் நமக்கு வெயில் ஞாபகம்தான் வரும். இமயமலைக்கு அந்தக் கணக்கு கிடையாது.

தண்ணீரைத் தடுக்கும், வியர்வையை மட்டும் விடுமா?

பைக்கில் போகும்போது போடும் ரெயின்கோட்டை நினைத்துப் பாருங்கள். மழை உள்ளே வராது. ஆனால் கழற்றினால் சட்டை நனைந்திருக்கும். அது மொத்தமும் வியர்வை. பிளாஸ்டிக் எதையும் உள்ளே விடாது, வெளியேயும் விடாது.

இந்தச் சிக்கலுக்கு விடை 1969-ல் கிடைத்தது. டெஃப்லான் என்று நாம் சொல்லும் பொருளை வெடுக்கென்று இழுத்தபோது அது கிழியாமல் நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாக விரிவதை அமெரிக்காவின் பாப் கோர் கண்டுபிடித்தார். அதுதான் 'கோர்-டெக்ஸ்'. தண்ணீர்த் துளி அந்தத் துளைகளில் நுழைய முடியாது. ஆவியாக இருக்கும் வியர்வை வெளியேறிவிடும்.

இப்போது பல நிறுவனங்கள் இதேபோன்ற படலங்களைத் தயாரிக்கின்றன. விலை குறைந்த ஜாக்கெட்டுகளில் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். படலமோ, பூச்சோ, வேலை ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது எத்தனை வருஷம் உழைக்கிறது என்பதில்தான்.

டேக்கில் 10,000, 20,000 என்று போட்டிருக்கே... அது என்ன?

பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும்.

முதல் எண், தண்ணீரைத் தாங்கும் திறன். 10,000 மி.மீ. என்றால் அந்தத் துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று அர்த்தம். சும்மா பெய்யும் மழைக்கு இவ்வளவு தேவைப்படாது. ஆனால் பேக்பேக் பட்டை தோளில் அழுத்தும்போதும், ஈரப்பாறையில் உட்காரும்போதும் அழுத்தம் பல மடங்கு கூடும். 

இரண்டாவது எண், வியர்வை ஆவியை வெளியேற்றும் திறன். ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவியை வெளியே விடும் என்ற கணக்கு. இங்கேதான் ஏமாற வாய்ப்பு அதிகம். இதை அளக்கப் பல முறைகள் இருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் 15,000-ஐயும் இன்னொன்றின் 15,000-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

சில ஜாக்கெட்டுகளில் 'ஆர்.இ.டி' என்ற அளவு இருக்கும். இது தலைகீழ். எண் குறைந்தால் நல்லது. 6-க்குக் கீழே என்றால் மிக நன்றாக மூச்சுவிடும். 20-ஐத் தாண்டினால் ஓடுவதற்கோ ஏறுவதற்கோ சரிப்படாது.

ஒரு உதாரணம். மோன் பிளாங் மலையைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற யு.டி.எம்.பி. ஓட்டத்தில் தொப்பி வைத்த மழை ஜாக்கெட் கட்டாயம். அதற்கு அவர்கள் சொல்லும் அளவு, குறைந்தது 10,000 மி.மீ., ஆர்.இ.டி. 13-க்குக் கீழே. முதல் ஜாக்கெட் வாங்குபவர்கள் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

2 லேயர், 2.5 லேயர், 3 லேயர்: எது நீண்ட நாள் உழைக்கும்?

2 லேயர்: வெளித்துணியின் உட்பக்கம் படலம் ஒட்டப்பட்டிருக்கும். அதைப் பாதுகாக்கத் தனியாக வலைத்துணி தொங்கும். ஊர் சுற்ற ஓகே. எடையும் இடமும் அதிகம்.

2.5 லேயர்: உள்ளே துணி இருக்காது, மெல்லிய பிரிண்ட் மட்டும். மடித்தால் கைக்குள் அடங்கும். 'மழை வந்தா பார்த்துக்கலாம்' என்று பையில் போட்டு வைக்க ஏற்றது. வியர்த்தால் உடம்பில் ஒட்டும். தினமும் கனமான பையோடு போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

3 லேயர்: வெளித்துணி, படலம், உள்துணி மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். படலம் இரண்டு பக்கமும் பாதுகாப்பாக இருப்பதால் ஆயுள் அதிகம். விலையும் அதிகம்.

வெளித்துணியின் நூல் தடிமனை 'டெனியர்' என்ற எண்ணில் சொல்வார்கள். 20 டெனியருக்கு அருகில் இருந்தால் எடை குறைவு, ஓட்டத்துக்கு நல்லது. 40-க்கு மேல் என்றால் பேக்பேக் உரசலைத் தாங்கும். பாறை ஏறுபவர்கள் 70, 80 என்று போவது வழக்கம்.

வருஷத்துக்கு ஒரு தடவை ட்ரெக்கிங் போகிறவர் 3 லேயர் வாங்கியே ஆகணும் என்றில்லை. மாதம் இரண்டு முறை மலையில் இருப்பவர் 2.5 லேயரை மாற்றி மாற்றி வாங்கினால், கடைசியில் செலவு கூடத்தான் செய்யும்.

கடையில் கையில் எடுத்ததும் என்ன பார்க்கணும்?

* தையல்: ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்புங்க. ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு ஓட்டைதான். அதனால் எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். சிலவற்றில் தோள், தொப்பியில் மட்டும் ஒட்டியிருப்பார்கள். கனமழைக்கு அது போதாது.

* தொப்பி: போட்டுக்கொண்டு தலையை இடம் வலமாகத் திருப்புங்க. தொப்பியும் கூடவே திரும்பணும். கண்ணை மறைத்தால் வேண்டாம். முன்னால் சிறிய விளிம்பு இருந்தால் தண்ணீர் முகத்தில் வழியாது.

* அக்குள் ஜிப்: ஏற்றம் ஏறும்போது எந்தப் படலமும் வியர்வையின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அக்குளில் ஜிப் இருந்தால் திறந்துவிட்டுக் காற்று வாங்கலாம்.

* அளவு: உள்ளே ஸ்வெட்டர் போட்டுப் பாருங்க. இரண்டு கையையும் தூக்கும்போது இடுப்பு தெரிந்தால் சின்ன சைஸ் என்று அர்த்தம்.

* பாக்கெட்: பேக்பேக்கின் இடுப்புப் பட்டைக்கு மேலே இருக்கணும். இல்லாவிட்டால் மலையில் அந்தப் பாக்கெட் இருந்தும் பயனில்லை.

நம்ம ஊர் மழைக்கு இது தேவையா?

இது முக்கியமான கேள்வி. வியர்வை ஆவி வெளியேற வேண்டுமானால் உள்ளே வெப்பமும் ஈரமும் அதிகமாகவும், வெளியே குறைவாகவும் இருக்கணும். இமயமலையில் அந்த வித்தியாசம் கிடைக்கும். வெளியே 28 டிகிரி, காற்று முழுக்க ஈரம் என்றால் எவ்வளவு விலை கொடுத்த படலமும் கிட்டத்தட்ட பிளாஸ்டிக் மாதிரிதான்.

எனவே சமவெளியை ஒட்டிய குறைந்த உயரமுள்ள மலைகளுக்கு, சூடான மழையில், நல்ல குடையோ போஞ்சோவோ போதும். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் பலவற்றுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

நீலகிரி, கொடைக்கானல் உச்சிகளில் காற்றோடு மழை அடித்தால் நிலைமை வேறு. போஞ்சோ காற்றில் பறக்கும், குடை திரும்பிவிடும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். அடிவாரத்தில் வியர்த்தவர் உச்சியில் நடுங்குவது இதனால்தான். அங்கே எடை குறைந்த 2.5 லேயர் ஷெல் கைகொடுக்கும். இமயமலை என்றால் 3 லேயர் பக்கம் போகலாம்.

'ஜாக்கெட் லீக் ஆகுது'... உண்மையா?

பெரும்பாலும் இல்லை. புது ஜாக்கெட்டில் தண்ணீர் தாமரை இலை மேல் போல உருண்டு ஓடும். வெளித்துணி மேல் தடவப்பட்ட ரசாயனப் பூச்சு செய்யும் வேலை அது. அழுக்கு, வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் பூச்சு வேலை செய்யாது. வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனமாகிவிடும்.

அப்போதும் உள்ளே இருக்கும் படலம் மழையைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் நனைந்த துணி வாசலை அடைத்துவிடுவதால் வியர்வை வெளியேறாது. உள்ளே ஈரமாகும். நாம் லீக் என்று நினைத்து ஜாக்கெட்டைத் தூக்கிப் போடுவோம். ஒரு தடவை துவைத்தாலே பாதி ஜாக்கெட்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

எப்படித் துவைக்கணும்?

1. எல்லா ஜிப்பையும் மூடுங்க. திரவ சோப்பு கொஞ்சமாக, குறைந்த சூட்டில். அடித்துத் துவைக்கவே கூடாது.

2. வாசனைக்காக ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். அது தண்ணீரை ஈர்க்கும் ஒரு படிவை விட்டுவிடும்.

3. இரண்டு மூன்று முறை நன்றாக அலசுங்க. நிழலில் காய வையுங்க. கடும் வெயில் நைலானைப் பலவீனமாக்கும்.

4. லேபிளில் அனுமதி இருந்தால், காய்ந்த பிறகு மேலே ஒரு துணி விரித்து, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்க. அந்தச் சூட்டில் பூச்சு மறுபடி உயிர் பெறும்.

5. அப்படியும் தண்ணீர் உருளவில்லை என்றால், பூச்சை மீட்க ஸ்ப்ரேயும் திரவமும் கடைகளில் கிடைக்கும்.

பீரோவில் வைத்த ஜாக்கெட் ஏன் உரிகிறது?

ஒரு வருஷம் கழித்து எடுத்தால் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டும், செதில் செதிலாக உதிரும். பாலியூரித்தேன் பூச்சை ஈரமும் வெப்பமும் சேர்ந்து சிதைப்பதால் வரும் விளைவு இது. நம் கடற்கரை ஊர்களின் காற்றில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இப்படி ஆன பிறகு சரிசெய்ய வழி கிடையாது.

தடுக்க வழி உண்டு. ஈரத்தோடு மடிக்காதீங்க. சின்னப் பைக்குள் திணித்து மாதக்கணக்கில் வைக்காதீங்க. காற்றோட்டமான இடத்தில் ஹேங்கரில் தொங்க விடுங்க. கார் டிக்கியில் வைப்பது ஜாக்கெட்டுக்கு நாள் குறிப்பதற்குச் சமம்.

'பி.எஃப்.ஏ.எஸ் ஃப்ரீ' என்று போட்டிருந்தால்?

தண்ணீரை விரட்டும் பழைய பூச்சுகளில் இருந்த ஃப்ளூரின் ரசாயனக் குடும்பம் இது. இயற்கையில் எளிதில் அழியாது என்பதால் 'நிரந்தர ரசாயனம்' என்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதலும், பிரான்ஸ் 2026 ஜனவரி முதலும் துணிகளில் இதற்குத் தடை கொண்டுவந்தன. சில வகை ஆடைகளுக்கு விலக்கு உண்டு.

புதிய பூச்சுகள் மழையைத் தடுக்கும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைப் பழையவை அளவுக்கு எதிர்க்காது. அதாவது இந்த ஜாக்கெட்டை அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். 'துவைச்சா போயிடும்' என்று பயந்து அழுக்கோடு வைப்பவர்கள்தான் சீக்கிரம் இழப்பார்கள்.

கடைசியாக ஒன்று...

ஜாக்கெட்டைப் பேக்பேக்கின் அடியில் வைக்காதீங்க. மேலேயே, கை போட்டதும் கிடைக்கும் இடத்தில் வையுங்க. மழை வலுத்த பிறகு நனைந்த உடம்பில் மாட்டுவதைவிட, வானம் இருட்டும்போதே நின்று போட்டுக்கொள்வது நல்லது. குளிர் உடம்பைப் பிடித்துவிட்டால், ஜிப் போடவும் விரல் வளையாது.