ஆலப்புழைக்குப் போகுமுன் என்ன படிக்கலாம்?

வெளியூர்ப் பயணம் முடிவானதும் பலர் பயண வழிகாட்டியைத் தேடுகிறார்கள். எங்கே தங்குவது, படகு எத்தனை மணிக்கு என்பதை அது சொல்லிவிடும். அந்த ஊர் மக்கள் எப்படிப் பிழைத்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், எதற்காகப் போராடினார்கள் என்று அறிய நாவலும் வரலாறும் வேண்டும். அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆலப்புழையை வைத்தே பார்ப்போம்.

முதலில், போகப்போகும் இடங்களை எழுதிக்கொள்ளுங்கள். 'கேரளம்' என்று தேடினால் புத்தகங்கள் குவிந்துவிடும். ஆலப்புழையில் பெரும்பாலோர் பார்ப்பது கடற்கரை, குட்டநாட்டுக் காயல், நகரம் ஆகிய மூன்றைத்தான். மூன்றையும் நாவலாக்கிய ஒருவர் இருக்கிறார்: தகழி சிவசங்கரப் பிள்ளை. குட்டநாட்டின் தகழி கிராமத்தில் பிறந்து, அம்பலப்புழையில் வக்கீலாக இருந்தவர். 1984இல் ஞானபீட விருது பெற்றவர்.

கடற்கரைக்கு 'செம்மீன்' (1956). கருத்தம்மா, பரீக்குட்டி காதல் கதை என்றே அது பெயர்பெற்றிருக்கிறது. ஆனால் படகும் வலையும் வாங்கப் பட்ட கடன், கடலுக்குப் போனவன் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் ஒழுக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கை இரண்டும்தான் கதையை நகர்த்துகின்றன. படித்துவிட்டுப் போனால், கரையேறும் படகு யாருடையது, மீனுக்கு யார் விலை வைக்கிறார்கள் என்று கவனிக்கத் தோன்றும்.

காயலுக்கு 'ரண்டிடங்ஙழி' (1948). குட்டநாட்டு வயல்கள் கடல்மட்டத்துக்கும் கீழே இருப்பவை. வரப்பு கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றித்தான் அங்கே நெல் விளைகிறது. அந்த உழைப்பைச் செய்த பண்ணையாட்களின் கதை இது. இன்று சுற்றுலாப் பயணிகள் தங்கும் படகுவீடு, ஒருகாலத்தில் நெல்லும் சரக்கும் ஏற்றிய கெட்டுவள்ளத்தின் வழிவந்தது.

நகரத்துக்கு 'தோட்டியின் மகன்' (1947). திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த துறைமுக நகரம் ஆலப்புழை. பின்னாளில் கயிறு ஆலைகளுக்குப் பேர்போனது. அந்த நகரத்தின் மலத்தைச் சுமந்த மூன்று தலைமுறையை நாவல் சொல்கிறது. அவர்களில் இருவர் பெயர் இசக்கிமுத்து, சுடலைமுத்து. நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் வீட்டுக்கு வீடு கேட்கும் பெயர்கள் என்பதால், தமிழ் வாசகருக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கமானது.

அடுத்து, புத்தகம் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். இம்மூன்றும் 1947க்கும் 1956க்கும் இடையில் வந்தவை. 1946இல் புன்னப்பிர-வயலார் எழுச்சியில் தொழிலாளர்கள் சுடப்பட்டது இதே மாவட்டத்தில்தான். அந்த வரலாற்றையும் சேர்த்துப் படித்தால், நாவல்களில் தெரியும் கோபத்தின் காரணம் விளங்கும். இன்றைய ஆலப்புழை மாறிவிட்டது. பழைய நாவலை இன்றைய நிலவரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எழுதியவர் எங்கிருந்து பார்க்கிறார் என்பதும் முக்கியம். தகழி மீனவரும் அல்ல, துப்புரவுத் தொழிலாளியும் அல்ல. அக்கறையோடு எழுதினார், ஆனாலும் வெளியில் நின்று எழுதினார். ஆகவே ஒருவரோடு நிறுத்த வேண்டாம். காயலுக்குக் கிழக்கே கோட்டயம் பக்கம் போனால், அய்மனத்தைக் களமாகக் கொண்ட அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்' இருக்கிறது. 1930களின் கோட்டயத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தைச் சொல்லும் சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' இருக்கிறது.

மொழிபெயர்ப்பு என்றால், மூலமொழியிலிருந்து நேராக வந்ததா என்று பாருங்கள். 'செம்மீன்', 'தோட்டியின் மகன்' இரண்டையும் மலையாளத்திலிருந்தே தமிழாக்கியவர் சுந்தர ராமசாமி. சிறுவயதில் கோட்டயத்தில் வளர்ந்தவர் என்பதால் அந்த மண்ணும் பேச்சும் அவருக்குப் பழக்கம்.

கிளம்புவதற்குள் ஒரு நாவலையாவது முடித்துவிடுங்கள். இன்னொன்றைப் பையில் வையுங்கள். வரலாற்று நூலை ஊர் திரும்பிய பிறகு படித்தால், பார்த்த இடங்கள் கண்முன் வந்து எளிதில் மனதில் தங்கும். நேரமிருந்தால், தகழி கிராமத்தில் நினைவகமாக இருக்கும் அவருடைய சங்கரமங்கலம் வீட்டுக்கும் போய் வாருங்கள்.

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் நேரம் என்றால், 'தோட்டியின் மகன்' படியுங்கள். அளவில் சிறியது, எந்தச் சுற்றுலாக் கையேடும் காட்டாத ஆலப்புழை அதில் இருக்கிறது.