வெறும் வயிற்றில் காபி வேண்டாமே!



ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளில் நைட் ஷிப்ட் பார்க்கும் நம் பிள்ளைகள் பலர், தூக்கத்தை விரட்ட வெறும் வயிற்றில் காபி குடிக்கிறார்கள். பிறகு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்று அவதிப்படுகிறார்கள்.

காபி இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டும். உணவுக்குழாயின் அடியிலுள்ள தசையைச் சிலருக்குத் தளர்த்தியும் விடும். அமிலம் மேலேறுவதால் நெஞ்சு எரிகிறது.

ஆனால் அல்சருக்குக் காபியை மட்டும் குறை சொல்லி இருந்துவிடக் கூடாது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும், அடிக்கடி போடும் வலி மாத்திரைகளுமே அதற்கு முக்கியக் காரணங்கள். அந்தக் கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். மருந்தால் அதை ஒழிக்கலாம்.

ஆகவே, நாலு இட்லி சாப்பிட்ட பிறகு சிறிய டம்ளர் காபி போதும். ரமலானில் பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி முதலில், காபி பிறகு. அப்படியும் எரிந்தால் காபியை நிறுத்திவிடுங்கள்.

மலம் கறுப்பாகப் போனாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெஞ்சுவலியோடு வியர்த்தால், ‘கேஸ்’ என்று சோடா குடித்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவோம், இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்